பழைய டீசல் காரின் பிணி அறிதல்

அம்பாசடர் கார் இன்றைய முதலாமாண்டு மாணவர்களுக்குத் திரைப்படக் காட்சியாக மட்டுமே தெரிந்திருக்கக் கூடும். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் பிறந்து, 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்று போன அந்தக் கார், அமைச்சர்களையும் சுமந்தது. மாப்பிள்ளை அழைப்பையும் சுமந்தது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை மருத்துவமனைக்கும் சுமந்தது. 1980ஐ ஒட்டி அதில் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். அந்த எஞ்சினின் திறன் 37 குதிரைத்திறன்தான். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது என்பதை மலைப்பாதையில் அதன் பின்னால் சென்றவர்கள் எல்லோரும் அறிவர். ஆயினும் டீசல் பெட்ரோலை விட விலை மலிவாக இருந்தது. ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் ஓடியது. வாடகைக் கார் வைத்துப் பிழைத்தவர்களுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அத்தகைய கார் ஒன்றில் குறை ஏற்பட்டால் அதன் மூலத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். அக்காலத்து டீசல் ஜீப்புக்கும், டிராக்டருக்கும், ஏன், வயற்காட்டு டீசல் பம்பு செட்டுக்கும் இங்குக் கூறுபவை பெரும்பாலும் பொருந்தும். இன்றைய டீசல் கார்களுக்குப் பொருந்தா. அவற்றில் எண்ணெய் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. அதனைக் கணிப்பொறி ஆள்கிறது. அங்கே ஸ்பானரைக் கொண்டு குழாயைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

முதலில் சிறிது இயற்பியல். பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்கென்று ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். அழுத்தப்பட்ட காற்று சூடேறுகிறது. வகுப்பில் நாம் படிக்கும் வெப்ப மாற்றீடற்ற அமுக்கம் என்பது இதுதான். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்த உண்மையின் மேல் ஓர் எஞ்சினையே கட்டினார். 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக ஓடியது. நாம் பேசும் பழைய கார் எஞ்சின்களில், பிஸ்டன் காற்றை அதன் கன அளவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளி போலப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை நான்கே. தடையில்லாத காற்று, காற்றுக் கலவாத எண்ணெய், குறையாத அமுக்கம், அந்த அமுக்கத்தால் விளையும் சூடு. எஞ்சின் தொடர்பான கோளாறு எதுவாயினும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றின் குறையாகவே இருக்கும். குறை எதில் என்று அறியாமல் கழற்றத் தொடங்குபவர், வயிற்று வலி என்று வந்தவனுக்கு முதல் வேலையாகக் கத்தியை எடுக்கும் வைத்தியருக்கு ஒப்பானவர். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறுவை நடந்தது. அதனைப் பின்னால் கூறுகிறேன்.

காலையில் கார் கிளம்பவில்லை. எல்லோரும் கொண்டுவரும் முதல் முறையீடு இதுதான். இப்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது செல்ப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும் வேகத்தை. மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றினால் மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம். நிதானமாக நெருக்கப்படும் காற்று, சூடேறுவதற்குள்ளாகவே தன் சூட்டைச் சிலிண்டர்ச் சுவருக்குக் கொடுத்துவிடும். பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கசியவும் அதற்கு நேரம் கிடைத்துவிடும். எனவே பாட்டரி சோர்ந்தாலே டீசல் எஞ்சினின் தீ அணைந்து போகிறது. நல்ல பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். பாட்டரி நன்றாக இருந்தும் சுற்றல் மந்தமாக இருந்தால், முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டுங்கள். எஞ்சினையும் கார் உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். சில விநாடிகள் செல்ப் அடித்ததும் அந்தப் பட்டையின் முனை சுட்டால், மின்னோட்டத்துக்கு அங்கே தடை இருக்கிறது என்று பொருள். ஒரு உப்புத்தாளில் தீரும் குறை அது.

சுற்றல் வேகமாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையா? அப்போது ஒருவர் செல்ப் அடிக்க, மற்றொருவர் காரின் பின்புறம் போய் நிற்க வேண்டும். புகைக் குழாயில் புகை வருகிறதா, இல்லையா? பழைய டீசல் காரைப் பற்றிக் கேட்கத் தக்க கேள்விகளில் இதை விட மதிப்பு வாய்ந்த கேள்வி வேறு இல்லை என்பது என் துணிபு. வெண்மையான புகை வந்தால், எண்ணெய் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. குறை சூட்டிலோ அமுக்கத்திலோ இருக்கிறது. புகையே வரவில்லை என்றால் எண்ணெய் சிலிண்டரை எட்டவே இல்லை. முன்னதற்கும் பின்னதற்கும் செலவில் ஆயிரக்கணக்கான ரூபாய் வேறுபாடு உண்டு.

1993ஆம் ஆண்டு என் தந்தையார் கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டிவந்தார். கடன் வாங்கி வாங்கிய பழைய டீசல் அம்பாசடர். ஐப்பசி மாதத்தில் அது காலையில் கிளம்ப மறுத்தது. பத்து நிமிடம் செல்ப் அடித்து, நான்கு பேர் தள்ளி, ஒருவாறு கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் குறையின்றி ஓடும். நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் தொட்டவுடன் கிளம்பும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினோம். போர் தேய்ந்துவிட்டது, அமுக்கம் இல்லை, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தேய்ந்த வளையங்கள் காற்றைக் கசியவிடும், சூடானால் உலோகம் விரிந்து இடுக்கு அடைபடும், ஆகையால்தான் காலையில் மட்டும் தகராறு. கேட்பதற்கு மிகவும் பொருத்தமாகவே இருந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. போர் செய்து, புதுப் பிஸ்டனும் வளையங்களும் போட்டு, 14,000 ரூபாய் செலவில் எஞ்சின் திரும்பி வந்தபோது கார்த்திகை பிறந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் பக்தர்களால்தான் அவ்வூர் வாடகைக் கார்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி கிடைக்கும். அந்த இருபது நாட்கள் போனது போனதுதான். நான்காம் நாள் காலை, கார் மறுபடியும் கிளம்பவில்லை.

டிராக்டர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை யாரோ சொல்லி அப்பா அழைத்து வந்தார். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, காலையில செல்ப் அடிக்கும்போது பின்னாடி புகை வருதா?"

"அத நான் கவனிக்கலையே மேஸ்திரி."

"சரி, நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

மறுநாள் விடிந்ததும் வந்தார். அப்பா செல்ப் அடித்தார். பெரியவர் பின்னால் குனிந்து நின்றார். துளிப் புகை இல்லை. போர் தேய்ந்த வண்டியாக இருந்திருந்தால் அந்நேரம் தெருவே வெண்புகையால் நிறைந்திருக்கும் என்றார். பிறகு ஒரு நல்லெண்ணெய் டின்னைக் கேட்டு வாங்கிக் கழுவித் துடைத்து, அதில் டீசலை ஊற்றி, எஞ்சினுக்கு மேலே பானட்டில் கட்டித் தொங்கவிட்டார். டாங்கிலிருந்து வரும் குழாயைப் பீட் பம்பின் வாயில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டின்னிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை மாட்டினார். குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றிக் காரைக் கிளப்பினார். பிறகு அணைத்துவிட்டு, டின் தொங்கியது தொங்கியபடியே போய்விட்டார். அடுத்த நாள் காலை செல்ப் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் இருக்கும் டாங்குக்கும் முன்னால் இருக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில்தான் குறை என்பது அத்துடன் உறுதியாயிற்று.

அந்தக் குழாயின் இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டே சோப்பு நீரைப் பூசிவந்தார். பின்பக்கம், குழாயைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப் உராய்ந்த இடத்தில் நுரை கிளம்பிற்று. மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. குழாய்த் துண்டுக்கும் இணைப்புக்குமாக 35 ரூபாய் ஆயிற்று.

அந்த வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு டீசல் கூடத் தரையில் விழுந்ததில்லை. மாணவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது. டாங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலான குழாயில் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது; ஆகவே குழாய்க்குள் அழுத்தம் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்தை விடக் குறைவு. ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியேறாது. காற்றுதான் உள்ளே நுழையும். ஓடும்போது நுழையும் சிறிதளவு காற்றை எஞ்சின் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். இரவு முழுவதும் நிற்கும்போது அந்த வழியே காற்றுப் புகுந்து, குழாயில் நின்ற எண்ணெய் தன் எடையால் மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது வெறும் காற்று. எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காது. அழுத்தம் உடனே ஏறி இன்ஜெக்டரின் ஊசியைத் தூக்கும். காற்றோ பஞ்சு போல் சுருங்கி விரியும்; ஊசியைத் தூக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதே இல்லை. இதைத்தான் ஒர்க்‌ஷாப்புகளில் ஏர் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். பீட் பம்புக்கு அப்பால் உள்ள குழாய்களில் ஓட்டை என்றால் நேர்மாறாக எண்ணெய் வெளியே கசியும், கண்ணால் காணலாம். ஒழுகாத ஓட்டைதான் ஆளை ஏய்ப்பது.

ஏர் எடுக்கும் முறை எளிது. டீசல் பில்டரின் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கை நெம்பை மேலும் கீழும் அசைக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும், நெம்பை அசைத்துக்கொண்டே திருகை முடுக்கிவிட வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே. இறுதியாக இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, எண்ணெய் துளிர்த்ததும் முடுக்க வேண்டும். திறந்த இடத்துச் செம்பு வாஷர் நசுங்கியிருந்தால் அதுவே புதிய ஓட்டையாகும். ஆகவே புதியது போடுவது நல்லது. வாரம் ஒரு முறை ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், எடுப்பதில் பயனில்லை. நுழையும் வழியைத் தேட வேண்டும். இடையே சிறிது நீளம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவுக்கும் முன்னால், எஞ்சினை நிறுத்துவதற்கான ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கேபிள் பாதி வழியில் நின்று எண்ணெயை அடைத்திருக்கும். பார்க்காமல் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றவர்கள் உண்டு.

இனி, வெண்புகை வந்தும் கிளம்பாத வண்டி. இங்கே சந்தேகம் முதலில் ஹீட்டர் பிளக்குகளின் மேல் விழ வேண்டும். செல்ப் அடிக்கும் முன் எரிப்பு அறையைச் சூடாக்குவதற்காகச் சிலிண்டருக்கு ஒன்றாக அமைந்த மின்கம்பிச் சுருள் அது. சமவெளியில், கோடையில், அவை எரிந்து போயிருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. மார்கழியில் குமுளியிலோ கொடைக்கானலிலோ ஓர் இரவு தங்கினால் காலையில் தெரிந்துவிடும். சோதிக்க ஒரு பல்பும் ஒரு கம்பியும் போதும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் நேர் முனையிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். பல்பு எரிந்தால் சுருள் அறவில்லை. சில மிகப் பழைய எஞ்சின்களில் பிளக்குகள் தொடர் இணைப்பில் உள்ளன. அங்கே ஒன்று அறுந்தால் நான்கும் வேலை செய்யா.

ஹீட்டர் பிளக்கும் நன்று, பாட்டரியும் நன்று, வெண்புகையும் வருகிறது என்றால்தான் அமுக்கத்தைச் சோதிக்க வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளையில் அமுக்கமானியைப் பொருத்தி அளப்பது முறை. நல்ல எஞ்சின் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அளவில் காட்டும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அந்த எண்ணை விட முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அச்சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கிறார்கள். அளவு ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் காஸ்கெட்டோ. கருவி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடுப்பூதும் குழல் போலக் குப்குப்பென்று புகை தள்ளினால், எரிந்த வாயு வளையங்களைத் தாண்டி கீழே இறங்குகிறது. போர் தேய்ந்த எஞ்சினுக்கு இப்படிப் பல சாட்சிகள் உண்டு: மூடியில் புகை, வாரந்தோறும் குறையும் ஆயில், நீலப் புகை. எங்கள் காருக்கு இவற்றில் ஒன்றும் இருந்ததில்லை. ஆயில் மாற்றிய அடுத்த மாதமும் அளவுக்குச்சி அதே கோட்டில் நின்றது அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கேட்பார் இல்லாததால் அவர் சொல்லவில்லை.

ஓடும் வண்டியின் புகையைப் பற்றி இவ்விடத்தில் கூறலாம். கரும்புகை என்பது எரியாத கரி. எண்ணெய் மிகுதி, அல்லது காற்று குறைவு. பலர் உடனே பம்பைக் குறை கூறுவார்கள். முதலில் ஏர் பில்டரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் எஞ்சினை முடுக்கிப் பாருங்கள். புகை குறைந்தால் காரணம் அதில் அடைந்த புழுதிதான். குறையாவிட்டால் இன்ஜெக்டரின் நாசில், எண்ணெயைத் தூவாமல் சொட்டவிடுகிறது என்று கருதலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதால் வருவது. கிளப்பியவுடன் ஒரு முறை மட்டும் வந்து நின்றால் இரவில் வால்வுத் தண்டு வழியே இறங்கிய ஆயில். ஏற்றத்தில் விடாமல் வந்தால் வளையம். ஆயில் தொட்டி உள்ள பழைய வகை ஏர் பில்டரில் அளவுக்கு மேல் ஆயிலை ஊற்றினாலும் நீலப்புகை வரும்; இதற்காக எஞ்சினை இறக்கிவிடாதீர்கள். வெண்புகையில் இரண்டு வகை. கண்ணைக் கரித்து டீசல் நெடி அடித்தால் எரியாத எண்ணெய். நெடியின்றி, இட்லிப் பானையைத் திறந்தாற்போல் ஆவியாக வந்து, எஞ்சின் சூடான பிறகும் நிற்காவிட்டால் ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. அது ஹெட் காஸ்கெட்டின் வேலை.

ஒலியைக் கேட்டுக் குறை சொல்வது அனுபவத்தால் வருவது. எனினும் ஒரு முறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் முடுக்க வேண்டும். தளர்த்தும்போது அந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் நின்றுவிடும். எஞ்சின் தள்ளாடினால் அச்சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையேல் அதுவே சோம்பேறிச் சிலிண்டர். தளர்த்தியதும் டக்டக் என்ற இடி நின்றால் இடி அந்தச் சிலிண்டரில். ஆனால் நாசில் கெட்டதால் வரும் இடியும், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததால் வரும் இடியும் இரண்டுமே இந்தச் சோதனையில் அடங்கும். அவற்றைப் பிரித்தறிய, அந்த இன்ஜெக்டரைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போட வேண்டும். இடி இன்ஜெக்டரோடு இடம் மாறினால் குறை இன்ஜெக்டரில். இருந்த இடத்திலேயே இருந்தால் பேரிங்கைப் பார்க்கவேண்டும். ஆயில் அழுத்தமானியும் அப்போது தாழ்ந்து நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டரிலிருந்து டீசல் பீய்ச்சும் அழுத்தம், இந்தப் பழைய எஞ்சின்களிலேயே வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க நேரிடும். நட்டைத் தளர்த்தும்போது கனத்த துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும்; பீய்ச்சும் நாசிலுக்கு முன்னால் கையை ஒருபோதும் நீட்டலாகாது. பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலையேறும்போது இழுவை இல்லை என்பது அடுத்த முறையீடு. 37 குதிரைத்திறன் வண்டியில் ஏழு பேரையும் இருமுடிகளையும் ஏற்றிவிட்டு இழுவை இல்லை என்றால் எஞ்சின் என்ன செய்யும்! அது போகட்டும். முன்பு ஏறிய மேட்டில் இப்போது ஏறவில்லை என்றால்தான் அது குறை. ஒருவரை ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்பின் நெம்பு அதன் எல்லை வரை போகிறதா என்று பாருங்கள். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையால் நெருங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து, வண்டி திணறும் இடத்திலேயே டீசல் டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தால் டாங்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எண்ணெய் குறையக் குறையக் காற்று அந்த இடத்தை நிரப்ப வழியின்றி டாங்கில் வெற்றிடம் உண்டாகி, எண்ணெயைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு குண்டூசியால் தீரும் இந்தக் குறைக்காகப் பம்பை இறக்கியவர்களும் உண்டு. இவை எல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் டீசல் பில்டர் அடைத்திருக்கும். அதன் அடியில் தேங்கும் நீரையும் வடித்துவிட வேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசலைப் பற்றி ஒரு சொல். இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தனியாக மசகு கிடையாது. டீசலின் வழுவழுப்பே அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. அதை ஊற்றி லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர்களின் பம்புகள் தேய்ந்து, காலையில் மட்டுமன்றி, சூடாக இருக்கும்போதே கிளம்ப மறுத்ததைக் கண்டிருக்கிறேன். சூட்டில் எண்ணெய் மேலும் இளகித் தேய்ந்த இடுக்குகளில் நழுவுவதே காரணம். குளிரில் கிளம்பிச் சூட்டில் கிளம்பாத டீசல் வண்டியைக் கண்டால் பம்பைச் சந்தேகிப்பது நியாயம்.

எஞ்சின் கொதிப்பதைச் சுருக்கமாகவே கூறுகிறேன். பேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல் வளைய வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் நழுவுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது நம் ஊர்களில் பெரிய தீமை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவதைப் போலவே உள்ளே படிந்து குழல்களை அடைத்துவிடும். ஹெட் காஸ்கெட் போயிற்றா என்றறிய, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பிப் பாருங்கள். குமிழிகள் இடைவிடாது எழுந்தால் ஐயமில்லை. அளவுக்குச்சியில் ஆயில் பாலூற்றிய காப்பியின் நிறத்தில் இருந்தால், நீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டலாகாது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது யாவரும் அறிந்தது. மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் மிகுவதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் வீழ்ந்து மொத்தமும் ஆவியாகச் சீறும்.

இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசிலையும் மட்டும் நாமே பிரிக்க முயலலாகாது. அவற்றின் உள்ளுறுப்புகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. விரலில் ஒட்டிய புழுதி போதும், கெடுப்பதற்கு. அவற்றைச் சோதிக்கும் மேடை உள்ள பம்பு ரூமுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகும் முன் பம்பு நின்ற நிலையைப் பிளாஞ்சிலும் எஞ்சின் மேலும் ஒரே கோடாக உளியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பொருத்தும்போது அந்தக் கோடு ஒரு மயிரிழை விலகினாலும் எண்ணெய் பீய்ச்சும் நேரம் மாறிவிடும். பெரியவர் எங்கள் காரின் பம்பில் கீறிய கோடு, 2004இல் நாங்கள் அதை விற்கும் வரை அப்படியே இருந்தது. அந்தப் பம்பை அவர் கழற்றவே நேரவில்லை.